முந்திரி ரீல்ஸுக்குப் பாட்டு வேணுமா, சத்தமே போதுமா?

வணக்கம் மக்களே. கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல நானும் அக்காவும் பண்ருட்டி முந்திரி விக்கிறோம். இன்ஸ்டாகிராம்ல ரீல்ஸ் போடப்போறோம். 9:16-ல செங்குத்தா எடுக்கணும், விலையைத் திரையோட அடியில எழுதினா கேப்ஷன் மறைச்சிடும், அதெல்லாம் சரி. பாட்டுதான் குழப்பம். பிசினஸ் அக்கவுண்ட்ல பல சினிமாப் பாட்டு வர்றதே இல்ல. வேற ஆப்ல பாட்டை ஒட்டிப் போட்டா, உரிமைப் பிரச்சினைன்னு வீடியோவோட சத்தத்தையே இன்ஸ்டாகிராம் நிறுத்திட வாய்ப்பிருக்கு.

கையில சாம்பல் பூசிக்கிட்டு அக்கா கொட்டையைத் தட்டுவாங்க, டக்குனு ஓடு பிளந்து பருப்பு முழுசா விழும். அந்தச் சத்தத்தோடவே ஆரம்பிக்கலாமா? விலையை வீடியோவுலயே சொல்லலாமா, இல்ல ‘இன்பாக்ஸ் வாங்க’ன்னா கடுப்பாகுமா? கடை நடத்துறவங்க சொல்லுங்க. காசுக்கு ஃபாலோயர் வாங்கச் சொல்லாதீங்க, அவங்க யாரும் கால் கிலோகூட வாங்கமாட்டாங்க.