விளக்கு வைக்கிற நேரம் ஆனா நிறுத்தாம அழும் 6 வாரக் குழந்தை

திருநெல்வேலியில இருக்கோம். பையனுக்கு 6 வாரம், தாய்ப்பால் மட்டும்தான். பகல்ல நல்லா இருக்கான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீறிட ஆரம்பிச்சா ராத்திரி 10 மணி வரைக்கும் அடங்குறதில்ல. முகம் சிவந்து, கையை இறுக்கி, காலை வயித்தோட மடக்கிக்கிறான். 3-வது வாரத்துல இருந்து இப்படித்தான்.

டாக்டர்கிட்ட காட்டிட்டோம். காய்ச்சல், வாந்தி இல்ல, எடை நல்லா ஏறுது. கோலிக்தான் (நல்லா இருக்கிற கைக்குழந்தை காரணம் தெரியாம மணிக்கணக்கா அழுறது), 3, 4 மாசத்துல தானா சரியாகும்னார். வயித்து வாயுவுக்கான சிமெதிக்கோன் சொட்டு மருந்து குடுத்தும் பெரிய மாற்றம் இல்ல.

பால் குடிச்சதும் தோள்ல போட்டு ஏப்பம் விட வைக்கிறேன். தேங்காய் எண்ணெய் தடவி வயித்தை நீவி, ரெண்டு காலையும் மாத்தி மாத்தி மடக்கி நீட்டுறோம். தூளியில ஆட்டுற வரைக்கும்தான் அமைதி. முன்கையில குப்புறப் போட்டு நடந்தா நிஜமாவே அடங்குறான், ஆனா சிசேரியன் தையலோட என்னால ரொம்ப நேரம் நடக்க முடியல.

அத்தை வசம்பு சுட்டு உரசி நாக்குல தடவச் சொல்றாங்க, பேரன் மேல உள்ள பாசத்துல. தாய்ப்பாலும் எழுதிக் குடுத்த மருந்தும் தவிர வேற எதுவும் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். அதனால வசம்பு, ஓம வாட்டர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம்.

வாய்வழியா எதுவும் குடுக்காம, உட்கார்ந்தபடியே குழந்தையை அமர்த்த உங்க வீட்டுல எது உதவுச்சு?