"குடிச்சா எங்க தம்பி போறது?" – வெயில் கணக்கெடுப்பில் கண்டது

துறைமுகத்தான், கடலூர்

வெயில் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க வந்த ஓர் ஆராய்ச்சிக் குழுவோடு ஒரு மே மாதம் முழுக்கக் கடலூர் துறைமுகத்தில் அலைந்தேன். மீன் விற்கும் பெண்களிடம் கேள்விகளைக் கேட்டு எழுதுவது என் வேலை. என் சித்தியும் அங்கேதான் கூடை வைத்திருக்கிறார், அதனால்தான் என்னைச் சேர்த்தார்கள்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். "ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் குடிப்பீர்கள்?" என்று கேட்டதும், மத்தியைக் கூறு கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆயா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "குடிச்சா எங்க தம்பி போறது?" என்றார். விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்கு வருகிறவர், கூடை காலியாகும்வரை தொண்டையை நனைப்பதோடு சரி. வெற்றிலை போட்டால் தாகம் தெரியாதாம். நீர்க்கடுப்பைப் பற்றிச் சளி பிடித்ததைப் போலச் சொன்னார். எங்கள் தாளில் கழிவறை பற்றி ஒரு கேள்விகூட இல்லை! அன்று சாயங்காலமே சேர்த்தோம்.

இன்னொன்றும் அவரேதான் சொன்னார். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற நாளில் உடம்பு எரியும், ஆனால் வேர்வை காய்ந்துவிடும். காற்றே இல்லாமல் கடல் ஈரம் மட்டும் நிற்கிற நாளில்தான் மயக்கம் வரும் என்றார். உடம்பைத் தாக்கும் வெப்பத்தை அளக்க நாங்கள் கொண்டுபோன கருவியில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயிலின் சூட்டை வாங்கும் கறுப்பு உருண்டைக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10 என்று கணக்கு. 40 டிகிரி தொட்ட நாளைவிட 36 இருந்த ஒரு புழுக்க நாளில் அது அதிகம் காட்டியது. ஆயாவிடம் சொன்னதற்கு, "இதுக்கு ஒரு மிஷினா?" என்றார்.

ரத்தம் எடுப்பதற்கு மட்டும் யாரும் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. சுனாமிக்கு அப்புறம் வந்து எடுத்துக்கொண்டு போனவர்கள் ஒருவரும் திரும்பி வந்து ரிசல்ட் சொல்லவில்லை என்பது அவர்கள் கோபம், நியாயமானதும்தான். ஏலக்கொட்டகையிலேயே வந்து, ஒவ்வொருவருக்கும் தமிழில் எழுதிக் கொடுப்போம் என்று சத்தியம் செய்யாத குறை. ஆகஸ்டில் குழுவினர் ரிசல்ட்டைக் கொடுத்தார்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் ஏறியிருந்த இரண்டு பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போனேன். கழிவறைக்கும் மனு போட்டோம். கட்டிடம் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது.

முத்தியால்பேட்டை அக்கா, புதுச்சேரி

தம்பி, எங்கள் தெருவில் கணக்கெடுப்பெல்லாம் நடக்கவில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்போது கரண்ட் போய் ஃபிரிட்ஜ் நின்றது. அம்மாவின் இன்சுலினைப் பானைத் தண்ணீருக்குள் டப்பாவில் வைத்தேன். மறுநாள் விசாரித்தால், எங்கள் தெருவில் மட்டும் ஆறு வீட்டில் இதே தவிப்பு. இப்போது மழைக்கு முன்னாலேயே சுகாதார நிலைய நர்ஸும் நாங்களும் யார் யார் ஊசி போடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுகிறோம். நீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் மாத்திரை கொடுக்கவும் அதே நோட்டுதான்.

உப்பளத்துக்காரர் மகள், மரக்காணம்

அண்ணா, தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 பேரைச் சோதித்த ஆய்வு ஒன்று வந்ததே, அதில் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் மந்தமாகியிருந்தது. இங்கேயும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல்தான் உப்பு வாருகிறார்கள். நீங்கள் திருத்திய அந்தக் கேள்வித்தாளை அனுப்ப முடியுமா? சனிக்கிழமை கூலி வாங்க எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவார்கள்.