ஓபிஹிரோவின் பானேய் குதிரைப் பந்தயத்தை எங்கே நின்று பார்ப்பது?

கேள்வி:
பிப்ரவரியில் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோ செல்லும் நான், அங்குள்ள ஓபிஹிரோ நகரில் ஒரு நாள் தங்கி, குதிரைகள் பாரவண்டி இழுக்கும் பானேய் பந்தயத்தைக் காண விரும்புகிறேன். பணம் கட்டும் ஆசை பெரிதாக இல்லை. அந்தப் பெரிய குதிரைகளை அருகில் பார்ப்பதே நோக்கம். ஜப்பானிய மொழி தெரியாத ஒருவருக்கு அங்கே ஏதேனும் புரியுமா? உறைபனிக் காலத்திலும் பந்தயம் நடக்குமா?

மறுமொழி 1:
நடக்கும். மணல் உறைந்துவிடாமல் இருக்கப் பாதைக்கு அடியில் சூடேற்றும் அமைப்பு உள்ளது. பாதையின் நீளம் 200 மீட்டர்தான், வளைவே இல்லை. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள குதிரைகள், பாரம் ஏற்றிய இரும்புச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு இரண்டு மேடுகளைக் கடக்க வேண்டும். நீங்கள் இரண்டாம் மேட்டுக்கு எதிரே நில்லுங்கள். ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரமுள்ள அந்த மேட்டின் அடியில் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திக் குதிரைக்கு மூச்சு வாங்க இடம் கொடுப்பார்கள். யார் முதலில் கிளம்புவது, யார் இன்னும் சற்றுப் பொறுப்பது என்பதில்தான் பெரும்பாலும் வெற்றி தீர்மானமாகிறது. குளிரில் குதிரைகளின் உடலிலிருந்து ஆவி எழும் அந்தச் சில நொடிகளுக்காகவே நான் மீண்டும் அங்கே செல்வேன். பிறகு, குதிரைகளின் வேகத்துக்கு ஈடாக நீங்களும் வேலியோரமாக நடந்தே முடிவுக்கோடு வரை வந்துவிடலாம். குதிரையின் மூக்கு கோட்டைத் தொட்டால் போதாது, வண்டியின் பின்முனையும் கடக்க வேண்டும். ஆகவே கோட்டருகே நின்றுபோய்த் தோற்கும் குதிரைகளும் உண்டு.

மறுமொழி 2:
மொழி தெரியாதது பெரிய தடை அன்று. 20 வயது நிறைந்தவர்கள் 100 யென்னுக்கே ஒரு பந்தயச் சீட்டு வாங்கலாம். அட்டையில் பந்தயத்தின் எண், சீட்டின் வகை, குதிரையின் எண், தொகை ஆகியவற்றைக் கறுப்பாக்கி, பணத்தோடு இயந்திரத்தில் செலுத்தினால் போதும். முதலிடம் வரும் குதிரையைச் சொல்லும் 'தான்ஷோ' சீட்டே எளியது. சூதாட விருப்பம் இல்லையென்றாலும் ஒரே ஒரு சீட்டு வாங்கிப் பாருங்கள். நமக்கென ஒரு குதிரை இருக்கும்போது அந்த மேட்டைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

மறுமொழி 3:
மணலின் ஈரத்தையும் கவனியுங்கள். ஈரம் கூடினால் வண்டி எளிதில் வழுக்கி நேரம் குறையும். உலர்ந்த மணலில் அதே பாரம் மிகவும் கடினமாகிவிடும். இன்னொன்று: ஹொக்கைடோவில் நான்கு நகரங்களில் நடந்த இந்தப் பந்தயம், மற்ற மூன்றும் விலகியதால் 2007 முதல் ஓபிஹிரோவில் மட்டுமே நடக்கிறது. உழவுக்கும் மரம் இழுக்கவும் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் இந்தத் தொழில்முறைப் பந்தயத்தில் இழுப்பதைக் காண வேறு இடம் இல்லை என்பதால், முதல் பந்தயத்துக்கு முன்பே சென்று, குதிரைகளைச் சுற்றி நடத்திக்காட்டும் இடத்திலும் சற்று நேரம் நின்று வாருங்கள்.