ஆன்ம சோதனை செய்யப் போய் நித்திரை போச்சு

கல்லடிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். தவக்காலம் தொடங்கியதிலிருந்து ஒரு கொப்பி வைத்து, படுக்கப் போகுமுன் அன்றைக்குச் செய்த பிழைகளை எழுதி வருகிறேன். முதல் கிழமை நல்லாத்தான் இருந்தது. இப்போது ஒரு நாளுக்கே இரண்டு பக்கம் போகிறது. மாமியோடு முகம் கொடுத்துக் கதைக்காதது, செபமாலை சொல்லும்போது போனைப் பார்த்தது, மீன்காரர் மிச்சக் காசில் நூறு ரூபாய் கூடத் தந்ததைக் கண்டும் சும்மா இருந்தது, எல்லாம் நம்பர் போட்டு. எழுதி முடித்துப் படுத்தாலும் ஏதாவது விட்டுப்போச்சோ என்று திரும்ப எழும்பி லைட்டைப் போடுகிறேன். பன்னிரண்டு மணி தாண்டியும் நித்திரை இல்லை. விடிந்தால் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன், பிறகு அதையும் எழுத வேண்டி வருகிறது! நான் செய்கிற முறை பிழையா?

தாண்டவன்வெளி அன்ரி:
மகள், முதலில் அந்தக் கொப்பியை மூடுங்க. இயேசு சபையைத் தொடங்கின புனித இஞ்ஞாசியார் சொல்லித்தந்த ஆன்ம சோதனை முறையில் முதலாவது நன்றி, பிழை தேடுவது இல்லை. அப்புறம் வெளிச்சம் கேட்டு ஒரு செபம், அதற்குப் பிறகுதான் காலையிலிருந்து நாளைத் திருப்பிப் பார்ப்பது. பிறகு மன்னிப்பு, நாளைக்கென்று ஒரு தீர்மானம். நீங்கள் மூன்றாவதில் போய்க் குந்திவிட்டு எழும்பவே இல்லை. கால்மணி நேரம் போதும் இதுக்கு. இஞ்ஞாசியாருக்கும் இந்தச் சங்கடம் வந்ததுதான். 1522இல் ஸ்பெயினில் மன்ரேசா என்கிற ஊரில் இருந்தபோது, குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, இன்னும் ஏதோ மிச்சம் இருக்கு என்று உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போனவர். பிறகு எழுதிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இந்த மனச்சஞ்சலத்துக்கென்றே தனிக் குறிப்புகள் வைத்திருக்கிறார். நித்திரை இப்படியே கெட்டால் பங்குத் தந்தையிடம் கதையுங்கள், டொக்டரிடமும்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மெதடிஸ்ட் மருமகன்:
எங்கட மெதடிஸ்ட் சபையைத் தொடங்கின ஜோன் வெஸ்லி இதில் உங்கள் எல்லாரையும் மிஞ்சினவர். ஒக்ஸ்போர்ட்டில் இருந்த காலத்தில் மணிக்கு மணி டயறி எழுதி, பக்தி எந்த மட்டில் இருந்தது என்று தனக்குத்தானே 1 முதல் 9 வரை புள்ளியும் போட்டிருக்கிறார் (வாத்தியார் கூட இவ்வளவு கறாராகத் திருத்த மாட்டார்). அப்படிச் செய்தும் மனம் ஆறவில்லை. 1738 மே 24 இரவு லண்டன் ஓல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில் இருந்தபோதுதான், கிறிஸ்து தன் பாவத்தையும் எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் டயறியை விடவில்லை, எனக்குப் பிடித்தது அதுதான். 139ஆம் சங்கீதத்தை ஒருதரம் வாசியுங்கள் அக்கா, அதில் சங்கீதக்காரன் தன்னைத்தானே தோண்டிக்கொண்டு இருக்கவில்லை, என்னை ஆராயும் என்று வேலையைக் கர்த்தரிடமே கொடுத்துவிடுகிறான்.

அக்கரைப்பற்றான்:
எல்லாம் சரி, அந்த நூறு ரூபாய் என்னாச்சு? இவ்வளவு எழுதியும் அதைத் திருப்பிக் கொடுத்ததாக ஒரு வரி இல்லையே. குறை நினைக்க வேண்டாம், நான் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறவன், இரவில் லாச்சிக் காசு எண்ணும்போது நூறு இடித்தால் எனக்கும் நித்திரை வராது.

கல்லடிக்காரி:
அண்ணன், வாசித்ததும் முகம் சுட்டுவிட்டது. இன்று காலை மீன்காரரின் ஹோர்ன் சத்தம் கேட்டவுடன் ஓடிப்போய்க் கொடுத்தேன். "ஓ, அது நீங்களா" என்று சொல்லிவிட்டுத் திருக்கையை வெட்டத் தொடங்கிவிட்டார். மாமியின் விஷயம் இன்னும் அப்படியே கிடக்கிறது, அதுக்குக் கொஞ்சம் நாள் வேண்டும். அன்ரி, கால்மணி நேரம் என்றால் போனில் அலாரம் வைத்துக்கொண்டு செய்யலாமா?