கடிதத்தில் சொல் இடம் மாறாமல் பார்ப்பது எப்படி?

வணக்கம். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கடிதம் எழுதுவது என் வேலை. போன வாரம் ஒரு கடைக்காரருக்கு, “திங்கட்கிழமைக்குள் வந்த சரக்கில் பழுதானதைத் திருப்பி அனுப்பவும்” என்று எழுதினேன். திங்களுக்குள் அனுப்புங்கள் என்பதுதான் நான் நினைத்தது. அவரோ திங்களுக்குள் வந்து சேர்ந்த சரக்கு என்று எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை அனுப்பினார். அவர்மேல் தப்பே இல்லை. ‘திங்கட்கிழமைக்குள்’ என்பதை ‘திருப்பி அனுப்பவும்’ என்பதற்கு முன்னால் வைத்திருக்க வேண்டும். ‘வந்த’ என்ற பெயரெச்சம் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

“பழைய வாடிக்கையாளர்களின் பாக்கி” என்பதிலும் இதே சிக்கல். பழையது பாக்கி என்றால் ‘வாடிக்கையாளர்களின் பழைய பாக்கி’ என்று மாற்றிவிடலாம், சரி. ஒரே வாக்கியத்தில் மூன்று அடைமொழி வந்தால் என்ன செய்வீர்கள்? வாக்கியத்தை உடைப்பீர்களா? அனுப்புமுன் எப்படிச் சரிபார்க்கிறீர்கள்? தினமும் கடிதம் எழுதுபவர்கள் சொல்லுங்களேன்.