வீணைக்கு மேளம் கட்டுபவர் (மெழுகு வைத்து மெட்டுகளைப் பதிப்பவர்) யாரையாவது தெரியுமா?

தோழிகளே, வணக்கம். இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி இருவரும் சம்மதித்து விவாகரத்துப் பெற்று ஓராண்டு ஆகிறது. அதைப் பற்றி இனிப் பேச ஒன்றுமில்லை. திருச்சியில் அம்மா வீட்டில் இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன்.

போன வாரம் பரணிலிருந்து என் வீணையை இறக்கினேன். தஞ்சாவூர் வீணை, பலாமரம். திருமணத்துக்குப் பிறகு 14 வருடம் தொடவே இல்லை. குடம் விரிசல் விடவில்லை, யாளி முகமும் அப்படியே இருக்கிறது. ஆனால் மெழுகு காய்ந்து வெடித்து, அதில் பதித்த 24 மெட்டுகளில் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகத் துண்டுகள்) பாதி ஆடுகின்றன. தந்திகள் துருப்பிடித்துவிட்டன. துடைக்கும்போது முதல் தந்தியான சாரணியை மட்டும் மெல்ல மீட்டினேன். சுருதி சேரவில்லை. ஆனாலும் அது என் வீணையின் குரல், அழுதுவிட்டேன்.

திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் மேளம் கட்டித் தருபவர் இருக்கிறாரா? தஞ்சாவூருக்கே எடுத்துப் போகவேண்டும் என்றால், பஸ்ஸில் கொண்டுபோனால் தாங்குமா, எவ்வளவு செலவாகும்? மாலை ஆறரைக்கு மேல் பெரியவர்களுக்குக் கற்றுத்தரும் ஆசிரியை யாரும் உண்டா? வர்ணம் வரை வாசித்தவள் நான். சரளி வரிசையிலிருந்து மறுபடி தொடங்கத் தயார்.

இன்னொன்று. “இந்த வயதில் எதற்கு?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். உங்களில் யாராவது பிரிவுக்குப் பின், விட்ட கலையை மீண்டும் தொட்டிருந்தால், முதல் சில மாதங்களை எப்படிக் கடந்தீர்கள் என்று எழுதுங்கள்.