கலைச்சொல்: ‘மெருகூட்டிய சுடுமண்’ வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

சுட்ட மண் சிற்பத்தின் மேல் உருகிப் பிடிக்கும் கண்ணாடிப் படலத்துக்கு (ஆங்கிலத்தில் கிளேஸ்) தமிழில் என்ன சொல் போடலாம் என்று நீங்கள் எழுதிக் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> இத்தாலியர்களின் ‘தெர்ரகோத்தா இன்வெத்ரியாத்தா’வுக்கு ‘மெருகூட்டிய சுடுமண்’ என்றே போட்டுவிடலாமே? அகராதியில் கிளேஸ் என்றால் மெருகுதானே?

போடலாம் ஐயா, ஆனால் பொருள் தவறிவிடும். மெருகு என்பது கைவேலை. பத்தர் நகையைத் தேய்த்து மெருகு போடுகிறார். சில வருடம் போட்டுக்கொண்டால் மங்கிவிடுகிறது, திரும்பவும் மெருகுக்குக் கொடுக்கிறோம். இந்த வகைச் சிற்பத்துக்குப் பேர்போன இத்தாலியச் சிற்பி லூக்கா தெல்லா ரோப்பியா 15ஆம் நூற்றாண்டு ஃபுளோரன்சில் செய்தது நெருப்பு வேலை. களிமண்ணில் உருவம் செய்து, காயவைத்து, சூளையில் ஒருமுறை சுட்டார். அப்புறம் மணல், ஈயம், வெள்ளீயம் எல்லாம் சேர்ந்த குழம்பை அதன்மேல் பூசி மறுபடியும் சூளையில் வைத்தார். குழம்பு உருகிக் கண்ணாடியாகி மண்ணோடு ஒட்டிப்போனது. ஈயம் அதைச் சீக்கிரம் உருகவைக்கும். வெள்ளீயம் அதைப் பால்போல வெளுக்கவைத்து அடியிலுள்ள மண்ணின் நிறத்தை மறைக்கும். நீலம் வேண்டுமென்றால் கோபால்ட்.

வீட்டில் பழைய ஊறுகாய் ஜாடி இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். அடி வட்டத்தில் மட்டும் பளபளப்பு இருக்காது. சொரசொரப்பான அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும் அல்லது பரவி ஓடும். பக்கவாட்டில் விட்டால் முத்தாக நின்று வழிந்துவிடும். அதன் மேலே இருப்பது கண்ணாடி. ‘இன்வெத்ரியாத்தா’வுக்குள் இருக்கும் ‘வெத்ரோ’வும் கண்ணாடிதான். இத்தாலியச் சொல் நேராகவே சொல்லிவிடுகிறது. நாம்தான் சுற்றி வளைக்கிறோம்.

> பீங்கான் சிலை என்றால் எல்லாருக்கும் புரியுமே!

புரியும், தவறாகப் புரியும். பீங்கானில் மண்ணே வெள்ளை, உடைத்தாலும் உள்ளே வெள்ளைதான். லூக்காவிடம் இருந்தது சுண்ணாம்புச் சத்துள்ள சாதாரணக் களிமண். சீனத்துப் பீங்கான் போன்ற ஒன்றை ஐரோப்பாவில் செய்யக் கற்றுக்கொண்டு ஜெர்மனியின் மைசன் நகரில் ஆலை தொடங்கியது 1710இல். லூக்கா இறந்தது 1482. இருநூறு வருடத்துக்கு மேல் முன்தேதி போட்டுக் கொடுக்க முடியாது.

> ‘பளிங்குப் பூச்சு’ அழகாக இருக்கிறதே? வெள்ளையாகவும்தானே இருக்கிறது?

அழகுதான் அக்கா, சிக்கலும் அங்கேதான். பழைய தமிழில் பளிங்கு என்றால் படிகம். இன்று பளிங்கு என்றதும் எல்லாரும் சலவைக்கல்லைத்தான் நினைக்கிறார்கள். லூக்காவோ முதலில் சலவைக்கல் சிற்பி. ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் பாடகர் மாடத்துக்கு அவர் 1431 முதல் 1438 வரை செதுக்கிய பாடும் பிள்ளைகள் எல்லாம் சலவைக்கல். கல்லில் உழைப்பு அதிகம், வரவு குறைவு என்று கணக்குப் பார்த்துத்தான் மண்ணுக்கு மாறினார் என்று அக்காலக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி சொல்லியிருக்கிறார். அந்த மண் சிற்பத்துக்கே ‘பளிங்கு’ என்று பெயர் வைத்தால், அவர் விட்டு வந்த கல்லை நாம் திரும்ப அவர் தலையில் ஏற்றுகிறோம். ‘பூச்சு’ம் சரிப்படாது. பூசியது உரியும். ஃபுளோரன்சில் ஓர்சன்மிக்கேலே ஆலயத்தின் வெளிச்சுவரில் அவர் செய்த வட்டச் சிற்பங்கள் ஐந்நூறு ஆண்டுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்றும் நிறம் போகவில்லை.

எந்தச் சிற்பத்தை மனதில் வைத்து இதையெல்லாம் சொல்கிறேன் என்றால், பிஸ்தோயா நகரில் சான் ஜொவான்னி ஃபுவோர்சிவித்தாஸ் ஆலயத்தில் இருக்கும் ‘சந்திப்பு’. 1445 வாக்கில் செய்தது. கருவுற்ற மரியா, வயதான காலத்தில் கருவுற்ற எலிசபெத்தைப் பார்க்க வருகிறார். (இந்தச் சந்திப்பைச் சொல்லும் ஒரே நற்செய்தி லூக்கா எழுதியது. சிற்பியின் பெயரும் லூக்கா!) இருவரும் ஆள் உயரம், முழுக்க வெள்ளை. பெரியவர் சின்னவளுக்கு முன்னால் மண்டியிட்டு, இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு, முகத்தை நிமிர்த்திப் பார்க்கிறார். கன்னம் ஒட்டிய, சுருக்கம் விழுந்த முகம். மரியாவின் கைகள் அவர் தோளில். இவ்வளவு பெரிய உருவத்தை முழுதாகச் சுட்டால் வெடிக்கும் என்பதால் பகுதி பகுதியாகச் சுட்டுப் பொருத்தியிருக்கிறார். வெளிச்சம் அந்தச் சுருக்கங்களில் ஈரம்போல நிற்கிறது. தேய்த்து வந்த பளபளப்பு அப்படி நிற்காது.

சரி, என் சொல்: கண்ணாடியேற்றிய சுடுமண். கிளேஸுக்குக் கண்ணாடியேற்றம்.

ஏன் ‘ஏற்று’? நூலுக்குச் சாயம் ஏற்றுகிறோம். சாயம் மேலே உட்காருவதில்லை, ஊறிப் பிடித்துக்கொள்கிறது. கண்ணாடியும் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு பொருத்தமும் கிடைத்தது. ‘ரோப்பியா’ என்பது இத்தாலியில் சிவப்புச் சாயம் எடுக்கும் ஒரு செடியின் பெயர், நம் மஞ்சிட்டியின் உறவு. சாயச்செடியைக் குடும்பப் பெயராக வைத்திருந்தவருக்கு ‘ஏற்று’ கோபம் வரவழைக்காது என்று நினைக்கிறேன்.

சொல் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ‘ஆடியேற்றம்’ என்று சுருக்கலாமா என்று பார்த்தேன். ஆடித் தள்ளுபடி நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன். ஆனால் கொடியேற்றமும் விண்ணேற்றமும் கோயிலில் புழங்கும் சொற்களாக இருக்கும்போது, கண்ணாடியேற்றம் நாக்குக்கு ஒன்றும் புதிதில்லை. ஃபுளோரன்ஸ் பேராலயத்தில் உயிர்ப்பும் விண்ணேற்றமும் இரண்டு வாசல்களின் மேல் நீலப் பின்னணியில் வெள்ளை உருவங்களாக இருக்கின்றன. இரண்டும் லூக்கா கண்ணாடியேற்றியவை.

‘மெருகு’ கட்சியினருக்கு ஒரு சோதனை வைக்கிறேன். பட்டறை லூக்காவிடமிருந்து அவர் அண்ணன் மகன் அந்திரேயாவுக்குப் போனது. அந்திரேயாவின் மகன் ஜொவான்னி சில சிற்பங்களில் உடைக்கு மட்டும் கண்ணாடியேற்றி, முகத்தையும் கையையும் வெறும் சுடுமண்ணாக விட்டார். இதைப் படத்தின் கீழ் எப்படி எழுதுவீர்கள்? ‘மெருகூட்டாத முகம்’ என்றால் சிற்பி வேலையை முடிக்காமல் எழுந்து போய்விட்டார் என்று வாசகர் நினைப்பார். நான் எழுதுவது இப்படி: ‘உடை கண்ணாடியேற்றியது, முகமும் கைகளும் ஏற்றாதவை.’

உங்கள் சொல்லை வைத்து இதே வரியை எழுதி அனுப்புங்கள், பார்ப்போம். அப்புறம், கண்ணாடியில் பின்னால் விழும் நுண்ணிய மயிர்க்கீறலுக்கும் ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு ‘மயிர்க்கீறல்’ என்றே எழுதி வைத்திருக்கிறேன்.